ரூட் 100 வழியே வெர்மாண்ட்: முதன்முதலாக ஸ்கீ போகிறவர்களுக்கு

நியூ ஜெர்சி, பாஸ்டன் பக்கம் வந்து குடியேறிய நம்மவர்கள் பலரும் முதல் சில குளிர்காலங்களை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, போய்ப் பார்க்கலாமே என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது முதலில் காதில் விழும் பெயர் வெர்மாண்ட் மாநிலம்தான். உடனே நண்பர்கள் ஆளுக்கொரு மலையைச் சொல்வார்கள்: கில்லிங்டன் போ, ஸ்டோ போகாமல் வராதே, ஜே பீக்கில்தான் பனி அதிகம். எல்லாமே நல்ல மலைகள்தான், ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மலையின் பெயரைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது. முதல் இரண்டு நாள் ஒரே மலையில், ஒரே சரிவில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கீழே சொல்வது எல்லாம் இதை வைத்துத்தான்.

வெர்மாண்டில் இப்படி மலை மலையாகப் போவதற்கு வசதியாக ஒரு சாலையே இருக்கிறது. மாசசூசெட்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் தொடங்கி, கனடா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள நியூபோர்ட் வரை கிரீன் மவுண்டன்ஸ் மலைத்தொடரை ஒட்டியே போகும் ரூட் 100. நீளம் 200 மைலுக்கு மேல். தெற்கே மவுண்ட் ஸ்னோ, அடுத்து லட்லோ ஊரில் ஒகிமோ, அதற்கு மேல் கில்லிங்டன், வாரன் பக்கம் ஷுகர்புஷ், அதை ஒட்டி மேட் ரிவர் க்ளென், வாட்டர்பரி தாண்டினால் ஸ்டோ என்று எல்லாம் இந்தச் சாலையிலோ அதிலிருந்து கொஞ்ச தூரத்திலோதான் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்வது ஆறு நாள் திட்டம்: லட்லோவில் தங்கி ஒகிமோவில் இரண்டு நாள், அங்கிருந்தே ஒரு நாள் கில்லிங்டன், ஒரு நாள் வடக்கே மெதுவாகப் பயணம், கடைசி இரண்டு நாள் ஸ்டோ. நான்கு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் ஸ்டோவை விட்டுவிடுங்கள், ஒகிமோவைக் குறைக்காதீர்கள்.

எப்போது போவது

டிசம்பர் கடைசி வாரம் வேண்டாம். குழந்தைகளுக்கு விடுமுறை, அலுவலகத்திலும் லீவு சுலபமாகக் கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் அந்த வாரம் கூட்டம் அதிகம், வாடகை அதிகம், பனி மட்டும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டோவுக்கு மேலே இருக்கும் மவுண்ட் மான்ஸ்ஃபீல்டில் ஒரு கம்பம் நட்டு 1954 முதல் பனியின் ஆழத்தைக் குறித்து வருகிறார்கள். அந்தக் கணக்குப்படி பனி சராசரியாக உச்சத்துக்கு வருவது மார்ச் மாதத்தில்தான். நம் ஆட்கள் மார்ச் என்றால் சீசன் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் முதல்முறை போகிறவர்களுக்கு மார்ச் முதல் பாதி அருமையான நேரம். வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும், பனி இளகி மென்மையாக இருக்கும், விழுந்தால் அவ்வளவாக வலிக்காது, விரல் விறைக்காது.

ஜனவரியில் போவதென்றால் மூன்றாவது திங்களன்று வரும் மார்ட்டின் லூதர் கிங் நாளை ஒட்டிய வார இறுதியைத் தவிருங்கள். பிப்ரவரி மூன்றாவது திங்கள் வரும் பிரசிடெண்ட்ஸ் டே வாரத்தில் மாசசூசெட்ஸ் பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை, அதனால் அதுவும் வேண்டாம். மற்றபடி எந்த வாரமாக இருந்தாலும் செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்று நாளில் கற்றுக்கொள்ளும் சரிவுகள் காலியாகக் கிடக்கும், பயிற்சியாளருக்கு உங்கள்மேல் கவனம் செலுத்த நேரமும் இருக்கும். ஜனவரியில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். காலையில் பூஜ்யம் பாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் என்பது அங்கே அதிசயமில்லை. மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம்.

கிழக்குக் கரைப் பனி பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே குளிர்காலத்தின் நடுவிலும் மழை பெய்யும். மழை பெய்து மறுநாள் உறைந்தால் சரிவு முழுக்க ஐஸாக இருக்கும். மலை நிர்வாகங்கள் இயந்திரத்தால் பனி தூவி, ராத்திரியில் வண்டி ஓட்டிச் சமன் செய்து வைப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். அப்படிப்பட்ட நாளில் புதியவர்கள் காலை எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டாம். கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

டிக்கெட்: டிசம்பருக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அன்றைக்குப் போய்க் கவுண்டரில் வாங்கும் லிஃப்ட் டிக்கெட் பெரிய மலைகளில் ஒரு நாளுக்கு நூறு டாலரைத் தாண்டிவிடும், கூட்ட நாளில் இன்னும் எகிறும். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கணிசமாகக் குறையும், சீசன் தொடங்கும் முன்பே நாள் கணக்கில் பாஸ் வாங்கினால் இன்னும் குறையும். மவுண்ட் ஸ்னோ, ஒகிமோ, ஸ்டோ மூன்றும் வேல் (Vail) என்ற கம்பெனியுடையவை, அதன் எபிக் பாஸ் செல்லும். கில்லிங்டன், ஷுகர்புஷ், ஸ்ட்ராட்டன் இவற்றில் ஐகான் பாஸ். மேட் ரிவர் க்ளென் இந்த இரண்டிலும் சேராத தனி மலை. எபிக் பாஸ் விற்பனை வழக்கமாக டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும், அதனால் தீபாவளி முடிந்த கையோடு இதைத் தீர்மானித்துவிடுவது நல்லது.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. முதல் நாளுக்குப் பாஸே தேவையில்லை. எல்லா மலைகளிலும் முதல்முறை வருகிறவர்களுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கும்: வகுப்பு, ஸ்கீ வாடகை, கற்றுக்கொள்ளும் சரிவுக்கு மட்டுமான லிஃப்ட் டிக்கெட் மூன்றும் சேர்த்து ஒரே விலை. நீங்கள் முதல் நாளில் அதைத் தாண்டி எங்கும் போகப் போவதில்லை, அப்புறம் முழு மலைக்கும் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? ஆகவே கணக்கு இப்படி: ஒகிமோவில் முதல் நாள் தொகுப்பு, இரண்டாம் நாளுக்கும் ஸ்டோவின் இரண்டு நாளுக்குமாக மூன்று நாள் எபிக் டே பாஸ், கில்லிங்டனுக்கு மட்டும் முன்பதிவு செய்த ஒரு நாள் டிக்கெட். தொகுப்புகளுக்கும் இடம் குறைவு, வார இறுதியில் தீர்ந்துவிடும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

உடையும் வாடகையும்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் நான்கையும் வாடகைக்கு எடுங்கள். ஜாக்கெட், பேண்ட் இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கலாம். நாமே வாங்க வேண்டியவை உடம்பை ஒட்டி இருப்பவை: மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டரில் உள்ளாடை மேலும் கீழும், முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ், தண்ணீர் புகாத க்ளவுஸ், கழுத்தையும் வாயையும் மூடும் துணி, காகிள்ஸ். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் வகைக் காகிள்ஸ் கேட்டு வாங்குங்கள். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி பனியன், ஜீன்ஸ் எல்லாம் வியர்வையிலும் பனியிலும் நனைந்தால் காயாது, நனைந்த துணியோடு லிஃப்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். இரண்டு சாக்ஸ் போட்டால் கதகதப்பாக இருக்கும் என்று நம் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள், அதுவும் தவறு. இரண்டு சாக்ஸால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல்தான் முதலில் மரத்துப்போகும். ஒன்றே ஒன்று, மெல்லியதாக.

வாடகைக் கடையில் உட்கார்ந்து பூட்ஸ் போடும் அந்தக் கால் மணி நேரம் உங்கள் பயணத்தையே தீர்மானிக்கும் என்று சொன்னால் மிகையில்லை. கொக்கிகள் எல்லாவற்றையும் திறந்து, பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்து, காலை உள்ளே விடுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் கால் பின்னால் போய் உட்காரும். அதற்குப் பிறகுதான் கொக்கி. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் லேசாக விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. தொளதொளவென்று வசதியாக இருந்தால் பெரிய அளவு என்று அர்த்தம், கேட்டு மாற்றுங்கள். பூட்ஸுக்குள் சாக்ஸைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது. உள்ளாடையின் கால் பகுதியை மேலே ஏற்றிவிடுங்கள், பேண்டின் உள்மடிப்பு பூட்ஸுக்கு வெளியே வரட்டும். பூட்ஸுக்குள் ஒரு மடிப்பு மாட்டிக்கொண்டாலும் மத்தியானத்துக்குள் முழங்காலுக்குக் கீழே புண்ணாகிவிடும்.

கடைக்காரர் உங்கள் உயரம், எடை, வயது கேட்பார், எப்படி ஓட்டுவீர்கள் என்றும் கேட்பார். கூச்சப்படாமல் உண்மையான எடையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்கில் திருகி வைக்கிறார்கள். தவறாகச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழலும், அல்லது கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருப்பிவிடும். எப்படி ஓட்டுவீர்கள் என்பதற்குப் புதியவர்கள் சொல்ல வேண்டிய பதில் முதல் வகை (டைப் 1), அதாவது நிதானமாக ஓட்டுகிறவர்.

மலை மலையாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். மலையிலேயே எடுத்த வாடகைச் சாமானை அங்கேயே திருப்பித் தர வேண்டும். அதனால் முதல் நாள் தொகுப்பில் வரும் சாமானை அன்று மாலையே கொடுத்துவிட்டு, மீதி நாட்களுக்கு உங்கள் ஊர் ஸ்கீ கடையிலிருந்து முன்பே வாரக் கணக்கில் எடுத்து வந்ததைப் பயன்படுத்துவதுதான் வசதி. விலையும் குறைவு, காலையில் வாடகை வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம்.

கார், வீடு, சாப்பாடு

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் குளிர்கால டயர். ஐஸில் நிறுத்துவது டயர்தான், இன்ஜின் இல்லை. கண்ணாடி கழுவும் திரவம் உறையாத வகையாக இருக்கட்டும், பனி சுரண்டும் கருவி, ஒரு சிறிய மண்வெட்டி, ஒரு கம்பளி கூடவே இருக்கட்டும். எரிபொருளைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சார கார் வைத்திருப்பவர்கள் குளிரில் தூரம் நன்றாகக் குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் 511 தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். பாஸ்டனிலிருந்து கில்லிங்டன், லட்லோ பக்கம் போக மூன்று மணி நேரம் போல ஆகும், பனி கொட்டினால் எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள்.

ஹோட்டல் அறையைவிடச் சமையலறை உள்ள காண்டோ (அடுக்ககவீடு) எடுங்கள். நான்கைந்து பேர் பிரித்துக்கொண்டால் விலையும் கட்டுப்படியாகும், ராத்திரி எட்டு மணிக்கு உடம்பெல்லாம் வலிக்கும்போது வெளியே போய்ச் சாப்பாடு தேட வேண்டாம். ரசமும் சாதமும் அந்த நேரத்தில் எவ்வளவு இதம் என்பதைப் போய் அனுபவித்துப் பாருங்கள். மலையடிவார லாட்ஜில், அதாவது ஸ்கீ ஓட்டுகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு ஓய்வெடுக்கும் கூடத்தில், வீட்டுச் சாப்பாட்டைப் பையில் கொண்டுவந்து மேஜையில் வைத்துச் சாப்பிடுவது வெர்மாண்டில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்வதுதான். புளியோதரை, சப்பாத்தி ரோல், ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது எடுத்துப் போங்கள். சைவக்காரர்களுக்கு லாட்ஜில் கிடைப்பது பெரும்பாலும் பிரெஞ்சு ஃப்ரைஸ், பீட்சா, சீஸ் சாண்ட்விச் இவ்வளவுதான். மிளகாய்ப் பெயரைப் பார்த்து சில்லி வாங்கினால் அதில் மாட்டிறைச்சி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒகிமோவிலும் கில்லிங்டனிலும் சரிவோரத்தில் வாஃபிள் கேபின் என்று ஒரு மரக்குடில் இருக்கும். சுடச்சுட வாஃபிளில் சாக்லேட் ஊற்றித் தருவார்கள், குழந்தைகளை இன்னொரு தடவை மேலே அனுப்ப அது போதும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்து அவர்களும் கூட வருகிறார்கள் என்றால், அவர்களுடைய பயணக் காப்பீட்டில் ஸ்கீ விபத்துக்கு இடம் உண்டா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் கிடையாது. அவர்கள் லாட்ஜில் சூடாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஒகிமோவின் ஜாக்சன் கோர் பகுதியில் தண்டவாளத்தில் மலையிறங்கும் கோஸ்டர் ஒன்று குளிர்காலத்திலும் ஓடும், துணிந்தவர்களுக்கு அது பிடிக்கும்.

முதல் நாள்: ஒகிமோ

ஏன் ஒகிமோ? கில்லிங்டன் அளவுக்குப் பயமுறுத்தாது, சரிவுகளை ராத்திரியில் நன்றாகச் சமன் செய்து வைப்பார்கள், எளிதான பாதைகள் நிறைய. முக்கியமாக, உச்சியிலிருந்தே அடிவாரம் வரை எளிதான பாதையில் இறங்கி வர முடியும். 1956ல் தொடங்கிய மலை, இன்றும் குடும்பங்கள்தான் அதிகம் வருகின்றன.

வகுப்பு ஒன்பதரைக்கு என்றால் எட்டு மணிக்கு வாகன நிறுத்தத்தில் இருங்கள். வகுப்பு எடுக்காமல் நண்பர் சொல்லிக்கொடுப்பார் என்று கிளம்பாதீர்கள். கணவன் மனைவிக்கு, மனைவி கணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேண்டாம். பயிற்சியாளர் அரை நாளில் கொடுப்பதை நண்பர் மூன்று நாளில் கொடுக்க முடியாது. குழந்தைகளைத் தனி வகுப்பில் விட்டுவிடுங்கள், எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் அழுவார்கள், கண் மறைந்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள்.

முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டிச் சமதளத்தில் நடக்க வைப்பார்கள். அப்புறம் இரண்டிலும் மாட்டி, மேஜிக் கார்ப்பெட் என்கிற ஓடும் பட்டையில் ஏறிச் சின்ன மேட்டுக்குப் போய் அங்கிருந்து இறங்க வேண்டும். ஸ்கீயின் முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று ஆப்பு வடிவில் இருந்தால் வேகம் குறையும். குழந்தைகளுக்கு இதைப் பீட்சா என்று சொல்லிக்கொடுப்பார்கள், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைப்பதை ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என்பார்கள். பெரியவர்களும் அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நாளில் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முன்னால் சாய்வது. சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும், அது பயத்தில் வருவது. ஆனால் மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் பின்னால் சாய்ந்து நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடையே இருக்காது, அது திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது, வேகம் மட்டும் கூடும். முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கவனியுங்கள். அழுத்தம் தெரிந்தால் சரியாக நிற்கிறீர்கள். கைகள் முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். பார்வை ஸ்கீ நுனியில் வேண்டாம், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது காலில் எடையை ஏற்றுங்கள், வலது பக்கத்துக்கு இடது கால்.

விழுவது பற்றிக் கவலைப்படாதீர்கள். வேகம் கைமீறிப் போவது தெரிந்தால் பக்கவாட்டில் இடுப்பு படும்படி உட்கார்ந்துவிடுங்கள், கையை ஊன்றி விழாதீர்கள். எழுந்திருக்க முதலில் இரண்டு ஸ்கீயையும் சரிவின் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவர வேண்டும். அப்படி வைக்காமல் எவ்வளவு முயன்றாலும் எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும். முடியவில்லை என்றால் மேல்பக்க ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுந்து மறுபடி மாட்டுங்கள். மாட்டும் முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பைண்டிங் பிடிக்காது.

சேர்லிஃப்ட்

பலருக்கு ஸ்கீயைவிட லிஃப்ட்தான் பயம். ஏறும்போது இரண்டு கம்பையும் ஒரே கையில் பிடித்து, கோட்டில் போய் நின்று, தோளுக்கு மேலே திரும்பி நாற்காலி வருவதைப் பார்த்து, அது முழங்காலின் பின்பக்கம் தொட்டதும் உட்காருங்கள். உடனே எல்லோரும் சேர்ந்து பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள், தலையைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. தோள்பை இருந்தால் கழற்றி மடியில் வையுங்கள், அதன் வார் நாற்காலியில் மாட்டிக்கொள்வது உண்டு. இறங்கும் இடம் நெருங்கும்போது ஸ்கீ நுனிகளை மேலே தூக்கி, பனி தொட்டதும் எழுந்து நின்று, நேராகச் சறுக்கிப் போய்விடுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காதீர்கள், இறங்கிய இடத்திலேயே நிற்காதீர்கள், பின்னால் அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கும். முதல் தடவை என்று லிஃப்ட் ஆபரேட்டரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார், தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் நாள் காலையும் அதே கற்றுக்கொள்ளும் சரிவில் தொடங்குங்கள். நிற்கவும் இரண்டு பக்கமும் திரும்பவும் வருகிறது என்றால் மத்தியானம் சன்பர்ஸ்ட் சிக்ஸ் லிஃப்டில் ஏறிப் பாருங்கள். ஆறு பேர் உட்காரும் நாற்காலி, சூடேற்றிய இருக்கை, மேலே ஆரஞ்சு நிற மூடி, குளிரே தெரியாது. உச்சியிலிருந்து மவுண்டன் ரோடு என்ற பச்சைப் பாதையில் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கலாம்.

பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போடப்பட்டவை. ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையில் கறுப்பாக இருக்கலாம், மலை மாறும்போதெல்லாம் முதல் ஓட்டம் பச்சையில்தான்.

மூன்றாம் நாள்: கில்லிங்டன்

லட்லோவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1958 டிசம்பரில் திறந்த இந்த மலையைக் கிழக்கின் ராட்சசன் என்பார்கள். உச்சிக்கும் அடிக்கும் 3,050 அடி வித்தியாசம், பல சிகரங்கள், ஊரளவு பரப்பு. 2016 முதல் நன்றி நவிலும் நாளை ஒட்டிப் பெண்கள் உலகக்கோப்பைப் பந்தயம் நடத்திப் பெயர் வாங்கிய இடம், மிக்கேலா ஷிஃப்ரின் வென்ற சரிவு சூப்பர்ஸ்டார். அடிவாரத்திலிருந்து அதை நிமிர்ந்து பாருங்கள், போதும்.

உங்கள் இடம் ஸ்னோஷெட். அகலமான, சாய்வு குறைந்த, கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே இருக்கும் சரிவு. இரண்டு மணி நேரம் அங்கே ஓட்டிவிட்டு ராம்ஸ்ஹெட் பக்கம் போகலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: கிரேட் ஈஸ்டர்ன் என்று ஒரு நீண்ட பச்சைப் பாதை உண்டு, அழகானது, ஆனால் அதில் கடைசி வரை போனால் நீங்கள் கார் நிறுத்திய இடத்துக்கு வர மாட்டீர்கள், ரூட் 4 ஓரமாக உள்ள ஸ்கைஷிப் நிலையத்துக்குப் போய்ச் சேருவீர்கள். சாயங்காலம் கொண்டோலா (மூடிய பெட்டி லிஃப்ட்) நின்ற பிறகு அங்கே போய் நின்றால் திரும்பி வருவது பெரும்பாடு. மலையின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள், காகிதத்திலும் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், குளிரில் கைப்பேசி பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். குடும்பமாகப் போனால் பிரிந்துவிட்டால் எந்த லாட்ஜில் சந்திப்பது என்று காலையிலேயே பேசி வையுங்கள்.

கூட்டமான மலையில்தான் விதிகள் முக்கியம். உங்களுக்கு முன்னால், கீழே இருப்பவருக்குத்தான் வழி. அவர் எப்படித் திரும்பினாலும் இடிக்காமல் போவது பின்னால் வருகிறவர் பொறுப்பு. நிற்க வேண்டுமானால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கயிறு கட்டி மூடிய பாதையில் குனிந்து நுழையாதீர்கள். பாதைகளை விட்டு வெளியே போய்த் தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் செலவை உங்களிடமே வசூலிக்க வெர்மாண்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நான்காம் நாள்: வடக்கே

இந்த நாளை ஓய்வாக வைத்தேதான் திட்டம் போட்டிருக்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிய பிறகு தொடைத் தசைகள் சொன்னபடி கேட்காது, அடிபடுவது பெரும்பாலும் அப்படிக் களைத்த நேரத்தில்தான். காலை பத்து மணிக்கு மேல் கிளம்பி, பிட்ஸ்ஃபீல்ட், ரோசெஸ்டர், ஹான்காக் வழியாக ரூட் 100ல் போங்கள். கிரான்வில் பள்ளத்தாக்கில் சாலையோரத்திலேயே மாஸ் க்ளென் அருவி உறைந்து நிற்கும், காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் பார்த்துவிடலாம். அந்தப் பகுதியில் போன் சிக்னல் சரியாக இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வெயிட்ஸ்ஃபீல்டில் 1833ல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

அங்கிருந்து மேட் ரிவர் க்ளென் கொஞ்ச தூரம்தான். ஓட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. ஒரே ஒருவர் உட்காரும் நாற்காலி லிஃப்ட், 1948ல் திறந்த காலத்து அமைப்பு, 2007ல் புதுப்பித்தபோதும் இரட்டை நாற்காலியாக மாற்றாமல் ஒற்றையாகவே வைத்துக்கொண்டார்கள். 1995 முதல் ஸ்கீ ஓட்டுகிறவர்களே பங்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு அனுமதி கிடையாது, செயற்கைப் பனியும் மிகக் குறைவு. பாஸ் கம்பெனிகள் ஒவ்வொரு மலையாக வாங்கிச் சேர்க்கும் காலத்தில் இப்படி ஒன்று நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அடிவார லாட்ஜில் ஒரு காபி குடித்துவிட்டு அந்த நாற்காலிகள் போவதைப் பாருங்கள்.

வாட்டர்பரியில் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் ஆலை, அதைத் தாண்டினால் கோல்ட் ஹாலோ சைடர் மில், அங்கே சுடச்சுட ஆப்பிள் சைடர் டோனட். மார்ச்சில் போனால் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைகளில் புகை வரும், பனிமேல் சூடான பாகை ஊற்றிக் கொடுப்பார்கள், தொட்டுக்கொள்ள டோனட்டும் ஊறுகாய் வெள்ளரியும். நம் நாக்குக்கு அந்த இனிப்பும் புளிப்பும் சேர்வது உடனே பிடித்துவிடும்.

ஸ்டோ

மவுண்ட் மான்ஸ்ஃபீல்ட் 4,393 அடி, வெர்மாண்டின் மிக உயரமான சிகரம். செங்குத்துப் பாதைகளுக்குப் பேர் போனதால் புதியவர்கள் தயங்குவார்கள், ஆனால் எதிர்ப்பக்கம் இருக்கும் ஸ்ப்ரூஸ் பீக்கின் அடிவாரப் பகுதி கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றது. ஐந்தாம் நாள் காலை அங்கே மெடோஸ் லிஃப்டில் தொடங்குங்கள். முடிந்தால் இன்னொரு வகுப்பு எடுங்கள். முதல் வகுப்பைவிட இந்த இரண்டாவது வகுப்பு அதிகம் பயன்படும், ஏனென்றால் இப்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஆறாம் நாள், ஓவர் ஈஸி என்ற சிறிய கொண்டோலாவில் மான்ஸ்ஃபீல்ட் பக்கம் கடந்து, ஃபோர்ரன்னர் லிஃப்டில் மேலே போய் டோல் ரோடு பாதையில் இறங்கலாம். காட்டுக்குள் வளைந்து வளைந்து மைல் கணக்கில் நீளும் பச்சைப் பாதை, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஓட்டம் இதுதான் என்பேன்.

எளிதான பாதை என்று அசந்துவிடாதீர்கள். 1936ல் மைனாட் டோல் என்பவர் இதே பாதையில்தான் கணுக்காலை முறித்துக்கொண்டார். உதவிக்கு ஆள் இல்லாமல், கூரைத் தகரம் ஒன்றில் வைத்து நண்பர்கள் அவரை இழுத்து வந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் முன்னின்று 1938ல் தொடங்கியதுதான் தேசிய ஸ்கீ பேட்ரோல். இன்று எந்த மலையிலும் முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட உடுப்போடு நிற்பவர்கள் அவர்கள் வழி வந்தவர்கள். அடிபட்டால் அசையாமல் இருங்கள், கூட வந்தவர் ஸ்கீயைக் கழற்றி மேல்பக்கம் குறுக்காக பெருக்கல் குறி போல நட்டு வைக்கட்டும், வருகிறவரிடம் பேட்ரோலைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களுடைய போன் எண் வரைபடத்திலேயே இருக்கும், காலையிலேயே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

ஸ்டோவில் வார இறுதியில் வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் உண்டு, மலைக்குப் போகும் ஒரே சாலையில் நெரிசலும் இருக்கும். ஊரிலிருந்து இலவசப் பேருந்து ஓடுகிறது, அதில் போய்விடுங்கள். இன்னொன்று, மறுபக்கம் இருக்கும் ஸ்மக்ளர்ஸ் நாட்ச் மலை வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் நடுவில் உள்ள ரூட் 108 குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஆகும்.

கடைசி நாள் இரண்டு மணிக்கே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தோன்றும், அந்த ஒரு தடவையை விட்டுவிடுங்கள். லாட்ஜில் பூட்ஸைக் கழற்றி, உள்ளுறையை வெளியே இழுத்துக் காரின் சூடு படும்படி வையுங்கள், ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஸ்கீ விளிம்பைத் துடைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, கூர்மையான பக்கம் யார் மேலும் படாமல் அடுக்கி, இருட்டும் முன் ஐ-89 நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள். ராத்திரியில் ஈரச் சாலை உறைய ஆரம்பிக்கும்.